கண்நோய்க்கும் கோழிச் சாவுக்கும் சானிடைசர் போத்தல் காவலில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்நோய் தலைகாட்டியதும் வன்னிப் பாடசாலைகளில் வகுப்பு வாசலுக்குச் சானிடைசர் போத்தல் வந்துவிடுகிறது. கூட்டில் நாலு கோழி செத்தால் தரைக்குப் பினைல் ஊற்றுகிறார்கள். குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் துடைத்த இடத்தில் வாசனைத் திரவம் தெளிக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் பழகிய பழக்கம், கொரோனாவுக்கு அது பொருந்தும். இந்த மூன்று இடங்களிலும் அடிக்கடி காரணமாக இருக்கும் அடினோவைரஸ் குடும்பத்துக்குப் பொருந்தாது. மனித நலத்துறையிலும் கால்நடைத் துறையிலும் வேலை செய்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எது வேலை செய்யும், எவ்வளவு போட வேண்டும் என்பதை மக்கள் கையில் கொடுப்பதே நோக்கம்.

கொரோனா வைரஸின் மேல் கொழுப்புப் படலம் உண்டு. சவர்க்காரமும் மதுசாரமும் அந்தக் கொழுப்பைக் கரைத்தால் வைரஸ் சிதைந்துவிடும். அடினோவைரஸுக்கு அந்தப் படலமே இல்லை. பனங்கொட்டை போலக் கெட்டியான புரத ஓடு மட்டுந்தான். கரைப்பதற்குக் கொழுப்பு இல்லாதபடியால் சவர்க்காரம் அதைக் கொல்வதில்லை. மதுசாரம் கொல்லும், ஆனால் 70 வீத எதனோலில் சில நிமிடங்கள் ஈரமாகவே இருக்க வேண்டும். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பத்து விநாடியில் காயவிடுவது கணக்கில் சேராது. பழுப்பு நிற மணக்கும் கிருமிநாசினியும் தரை கழுவும் வாசனைத் திரவமும் இதன்மேல் பலமற்றவை. காய்ந்த மேசை, கதவுப்பிடி, பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான் ஆகியவற்றில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்.

ஆகவே கைகளுக்குச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான். சவர்க்காரம் வைரஸைக் கொல்லாவிட்டாலும் தோலிலிருந்து உரித்துக் கழுவி விடும், அது போதும். 20 விநாடி தேய்க்க வேண்டும். வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது, நுரை எளிதில் வராது. நுரை வரவில்லை என்று இன்னும் சவர்க்காரம் பூசுவதைவிடக் கூடுதல் நேரம் தேய்த்து, கூடுதல் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரே வாளிக்குள் எல்லோரும் கை அலம்பினால் கழுவியதற்குப் பயனில்லை. குழாய் இல்லாத இடத்தில் ஒருவர் குவளையால் ஊற்ற மற்றவர் கழுவலாம்.

பொருட்களுக்கும் தரைக்கும் குளோரின். சுகாதாரப் பரிசோதகர்கள் கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூள் நல்ல நிலையில் இருந்தால் அதில் ஏறத்தாழ 30 வீதம் குளோரின் இருக்கும். 10 லீற்றர் தண்ணீருக்கு 33 கிராம் தூள் போட்டால் 0.1 வீதக் கரைசல்: மேசை, கதவுப்பிடி, கழிப்பறை இருக்கை, விளையாட்டுச் சாமான்களுக்கு. அதே 10 லீற்றருக்கு 167 கிராம் போட்டால் 0.5 வீதம்: மலம், வாந்தி பட்ட இடத்துக்கும் நோய் வந்த கோழிக்கூட்டின் தரைக்கும். கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் அந்த மட்டத்துக்கு அழியாத மையால் கோடு போட்டு வைத்தால் பிறகு நிறுக்கத் தேவையில்லை. 5 வீதத் திரவக் குளோரின் வாங்குபவர்கள் 0.1 வீதத்துக்கு ஒரு பங்கு திரவத்துடன் 49 பங்கு தண்ணீர் சேர்க்கலாம், 0.5 வீதத்துக்கு ஒரு பங்குடன் 9 பங்கு.

தூளை நேரே வாளித் தண்ணீரில் கொட்டினால் கட்டிபட்டு மிதக்கும். முதலில் கொஞ்சத் தண்ணீரில் குழைத்துப் பசையாக்கி, மீதித் தண்ணீரை விட்டுக் கலக்கி, அரைமணி நேரம் அடைய விடுங்கள். மேலே தெளிந்து நிற்பதுதான் மருந்து, அடியில் தங்குவது சுண்ணாம்பு. பிளாஸ்ரிக் வாளிதான் வேண்டும், தகரத்தை இது அரித்துவிடும். அன்றன்று கரைத்தது அன்றன்றே முடிய வேண்டும். கலக்கும் வேலை வெளியில், காற்றுப்படும் இடத்தில். கழிப்பறை கழுவும் அமிலத்தோடோ அமோனியா சேர்ந்த திரவத்தோடோ ஒருபோதும் கலக்க வேண்டாம். எழும் வாயு நுரையீரலைச் சுட்டுவிடும்.

குளோரின் போட்டும் பலனில்லை என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. தூள்ப்பை வாய் திறந்தபடி வெப்பமான களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடந்திருக்கும், குளோரின் பறந்துபோய் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும். மூக்கில் அடிக்கும் நெடி இல்லாத தூளை நம்ப வேண்டாம். இல்லாவிட்டால் அழுக்கின்மேலேயே ஊற்றியிருப்பார்கள். சளி, மலம், கோழி எச்சம், உமி எல்லாம் குளோரினைத் தின்றுவிடும், வைரஸுக்கு மிச்சம் கிடைக்காது. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு குளோரின் விட்டு, 10 நிமிடம் ஈரமாக வைத்திருந்து, அதன்பின் அலசுங்கள். துணிகளுக்குக் கொதிநீர் நல்லது. மனித அடினோவைரஸ் 56 பாகை செல்சியஸில் அரைமணி நேரத்தில் செயலிழந்துவிடும். கொதிக்கும் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்காது.

இனி கண்நோய். வைரஸால் வரும் கண்நோயில் பெரும்பங்கு அடினோவைரஸால்தான். அதிலும் 8, 37, 64ஆம் வகைகள் கருவிழி வரைக்கும் போகும். தொற்றி 5 முதல் 12 நாளில் ஒரு கண் சிவந்து, மண் விழுந்ததுபோல் உறுத்தும். தண்ணீராய்க் கொட்டும், காலையில் இமை ஒட்டியிருக்கும். சில நாளில் மற்றக் கண்ணுக்கும் வரும், ஆனால் அது கொஞ்சம் இலேசாக இருக்கும். காதுக்கு முன்னால் தொட்டால் நோகும் ஒரு சிறு கட்டி தென்பட்டால் வைரஸ் என்ற சந்தேகம் வலுக்கிறது. பாக்டீரியாவுக்கான அன்ரிபயோட்டிக் சொட்டு மருந்து இதைக் குணமாக்காது. இரண்டு வாரத்தில், சிலருக்கு மூன்று வாரத்தில், தானாக ஆறும். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து மூடிய கண்மேல் வைப்பதும், மருந்தில்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் ஆறுதல் தரும்.

இதில் எங்களுக்கு மிகவும் கவலை தருவது, பாமசியில் வைத்தியரின் துண்டில்லாமல் வாங்கி விடப்படும் ஸ்ரெரொயிட் கலந்த சொட்டு மருந்து. ஒரே நாளில் சிவப்பு இறங்கிவிடுவதால் அது நல்ல மருந்தென்று பெயரெடுக்கிறது. உண்மையில் வைரஸ் கண்ணில் தங்கும் நாட்கள் அதனால் நீள்கின்றன. வந்தது அடினோ அல்லாமல் ஹேர்ப்பிஸ் வைரஸாக இருந்துவிட்டால் கருவிழி புண்பட்டுப் பார்வையே போகலாம். கருவிழியில் சின்னச் சின்ன வெண்புள்ளிகள் விழுந்து மாதக்கணக்கில் பார்வை மங்கும் நோயாளிக்கு ஸ்ரெரொயிட் தேவைப்படுவது உண்டுதான், ஆனால் அதைக் கண் வைத்தியர் விளக்கின்கீழ் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். தாய்ப்பால் பீய்ச்சுவது, நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிவது இரண்டையும் விட்டுவிடுங்கள். புண்பட்ட கண்ணுக்குள் வேறு கிருமியைக் கொண்டுபோய் விடும் வேலை அது. வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, உள்ளே குத்திவலித்தாலோ, பிறந்து ஒரு மாதமாகாத குழந்தைக்குக் கண் சிவந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பார்த்தால் தொற்றும் என்று கறுப்புக் கண்ணாடி போடுவது பரவலைத் தடுக்காது. கை, துவாய், தலையணை உறை, ஒருவருக்கு வாங்கி எல்லோரும் விடும் சொட்டு மருந்துப் போத்தல், சலூனில் அடுத்தடுத்தவருக்குப் போர்த்தும் துணி: இவைதான் வழி. சொட்டுப் போத்தலின் நுனி இமையில் பட்டால் முழுப் போத்தலும் தொற்றுப் பொருள். கண் பரிசோதனைக் கருவிகளில் நாடியை வைக்கும் இடமும் கண்ணமுக்கம் பார்க்கும் முனையும் ஒவ்வொருவருக்குப் பிறகும் துப்புரவாக்கப்பட வேண்டும். உலகில் பல பரவல்கள் கண் கிளினிக்குகளுக்குள்ளேயே நடந்திருக்கின்றன. மடு ஆவணித் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் குடும்பமாகப் போய்த் தங்குபவர்கள் ஆளுக்கொரு துவாய் கொண்டுபோவது பெரிய காரியம். பிள்ளைக்குக் கண் சிவப்பும் நீர் வடிவதும் நிற்கும்வரை பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம். பெரும்பாலும் 10 முதல் 14 நாள் ஆகும். இத்தனை நாள் வராத பிள்ளையின் வரவைப் பற்றி அதிபர்மாரும் பெருந்தன்மை காட்ட வேண்டும். வரவுக்குப் பயந்து அனுப்பினால் வகுப்பே படுத்துவிடும்.

குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்கு 40, 41ஆம் வகைகள் காரணம். இரண்டு வயதுக்குட்பட்டவர்களையே அதிகம் தாக்கும். ரோட்டா வைரஸ் வயிற்றோட்டத்தைவிட இது நாட்கள் இழுக்கும். 8 முதல் 12 நாள் போகலாம். நாலாம் நாளில் நிற்கவில்லையே என்று பதறி அன்ரிபயோட்டிக் கேட்கத் தேவையில்லை. ஜீவனியை (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பையில் எழுதிய அளவுக்குக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வைத்தியர் தரும் நாகச் சத்தை (சிங்க்; ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குள் 10) வயிற்றோட்டம் இடையில் நின்றாலும் மொத்தம் 10 முதல் 14 நாள் நிறைவாகக் கொடுத்து முடிக்க வேண்டும். கண் குழிவிழுதல், சிறுநீர் ஆறு மணி நேரம் போகாமை, மலத்தில் இரத்தம் இருந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் பத்தாயிரம் கோடி வைரஸ் வரை இருக்கலாம், குணமான பிறகும் வாரக்கணக்கில் வெளியேறும். பம்பர்ஸை வாய்க்காலிலோ குளக்கட்டிலோ எறிவது என்றால் கீழே குளிப்பவர்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அர்த்தம். கார்த்திகை, மார்கழி மழையில் மலக்குழி நிரம்பிக் கிணற்றோடு கலக்கும் தாழ்நிலக் கிராமங்களில் இது இரட்டிப்பு ஆபத்து. வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்து, சேறு எடுத்து, தண்ணீர் தெளிந்த பிறகே குளோரின் போட வேண்டும். கலங்கிய தண்ணீரில் போடுவது வீண். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் நல்ல தூள் அடிப்படை அளவு. 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 14,000 லீற்றர் தண்ணீர் நிற்கும், அதற்கு 35 கிராம். ஒரு மணி நேரம் கழித்து லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு பாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் ஊதாக்கதிர் விளக்கு எரிவதை மட்டும் நம்பியிருக்க முடியாது. தண்ணீர் வைரஸ்களில் அந்தக் கதிருக்கு மிகக் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பது அடினோவைரஸ்தான். குளோரினுக்கும் கொதிக்க வைப்பதற்கும் அது அடங்கும்.

தொண்டை நோவோடு 39, 40 பாகைக் காய்ச்சல் ஒரு வாரம் வரை அடிப்பதும் இதன் இன்னொரு முகம். வட மாகாணத்தில் டெங்குக் காலமும் அதே மழைக்காலந்தான். அடினோவாக இருக்கும் என்று ஊகித்து வீட்டில் இருக்காமல் காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டதும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் குளிசை கொடுக்க வேண்டாம்.

கோழிப் பண்ணையாளர்களுக்கு இப்போது. இறைச்சிக் கோழியில் அடினோவைரஸ் 3 முதல் 6 வாரக் குஞ்சுகளைப் பிடிக்கும். நல்லாய்த் தின்று நின்ற கூட்டத்தில் திடீரென்று சாவு தொடங்கும், மூன்றாம் நாலாம் நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். ஈரல் அழற்சியாக வந்தால் நூற்றுக்குப் 10 முதல் 30 வரை சாகலாம். நாலாம் வகைக் கோழி அடினோவைரஸ் இதைவிடக் கொடியது. 1987இல் பாகிஸ்தானில் கராச்சிக்கு அருகே அங்காரா என்ற இடத்தில் முதலில் கண்டறியப்பட்டு, 1990களில் இந்தியாவுக்கும் வந்தது. நூற்றுக்கு 20 முதல் 80 வரை கொல்லும்.

வெப்பச் சாவு என்று இதை ஒதுக்கிவிடுவது வழமை. வெப்பத்தால் சாவது மதியத்தில், பெரும்பாலும் கொழுத்த பெரிய கோழி. வைரஸால் சாவது இரவும் பகலுமாக. செத்த கோழியின் நெஞ்சைத் திறந்து இதயத்தைப் பாருங்கள்: இதயத்தை மூடிய பைக்குள் வைக்கோல் நிறத் தெளிந்த நீர், சில வேளை ஜெலிபோல, 20 மில்லிலீற்றர் வரைகூட நின்று, இதயம் அதற்குள் மிதந்தால் நாலாம் வகையைச் சந்தேகிக்க வேண்டும். ஈரல் வீங்கி வெளிறி, விரல் பட்டாலே நொறுங்கி, ஊசிமுனை இரத்தப் பொட்டுகளோடு இருந்தால் ஈரல் அழற்சி. உறுதிப்படுத்துவது ஆய்வுகூடந்தான். செத்து நாற்றமெடுத்த கோழியைக் கொண்டுபோய்ப் பயனில்லை. அப்போதுதான் செத்ததை ஐஸ் பெட்டியில் வைத்து அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள், உறைய வைக்க வேண்டாம். தேவைப்பட்டால் அங்கிருந்து கன்னொறுவ மிருகவைத்திய ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்புவார்கள்.

தண்ணீரில் அன்ரிபயோட்டிக் கலப்பது இங்கும் காசுக்குக் கேடு. சாவு ஐந்தாறு நாளில் தானாக இறங்குவதால் மருந்து வேலை செய்ததாகத் தோன்றும், அவ்வளவுதான். நோய் வலுப்பதற்கு வழிவிடுவது எதிர்ப்புச் சக்தி குன்றுவது: கம்பறோ நோய் வந்துபோன கூட்டம், பூஞ்சணம் பிடித்த சோளம் கலந்த தீவனம். மாரியில் சாக்குத் தீவனத்தை நிலத்தில் அடுக்காமல் பலகை மேல் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. வைரஸ் தாய்க்கோழியின் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் வரும். எனவே எந்தத் தொகுதிக் குஞ்சு, எந்தத் திகதி என்று எழுதி வைத்து, சாவு வந்தால் குஞ்சு தந்தவரிடம் கேளுங்கள். உமி முழுவதையும் அள்ளிப் புதைத்து, கழுவி, காயவிட்டு, 0.5 வீதக் குளோரின் அல்லது கால்நடை வைத்தியர் சொல்லும் அயடோஃபோர் என்ற அயடீன் கிருமிநாசினி அடித்து, குறைந்தது இரண்டு வாரம் கூட்டை வெறுமையாக விட வேண்டும். கூட்டு வாசலில் கால் நனைக்கும் தொட்டி வைத்தால் நாள்தோறும் மாற்றுங்கள். எச்சம் மிதக்கும் தொட்டி நோயைச் சேமிக்கும் தொட்டி. அதைவிட ஒவ்வொரு கூட்டுக்கும் தனிச்செருப்பு வைப்பது எங்கள் கணிப்பில் மேல். செத்த கோழியைக் குளத்துக்கோ பற்றைக்கோ எறியாமல் ஆழக்குழியில் சுண்ணாம்போடு மூட வேண்டும்.

முட்டைக் கோழி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கோழி சுகமாகவே நிற்கும், தின்னும், ஆனால் மண்ணிற முட்டை வெளிறும். பிறகு கோது மெலியும், கோதே இல்லாமல் தோலோடு விழும். இடும் முட்டை 10 முதல் 40 வீதம் குறைந்து 4 முதல் 10 வாரம் நீடிக்கும். சிப்பித்தூள் எவ்வளவு போட்டாலும் திருந்தாது, ஏனென்றால் கல்சியம் குறைவல்ல, கோது கட்டும் உறுப்பையே இன்னொரு வகை அடினோவைரஸ் தாக்கியிருக்கிறது. 1976இல் நெதர்லாந்தில் விவரிக்கப்பட்ட இந்த நோயின் இயல்பான இருப்பிடம் தாராவும் வாத்தும். அவை நோயில்லாமலே வைரஸைச் சுமக்கும். குளத்துத் தண்ணீரை நேரே கோழிக்கு வைப்பதும், தாராவையும் முட்டைக் கோழியையும் ஒரே தண்ணீரில் விடுவதும் ஆபத்து. குளங்கள் நிறைந்த வன்னியில் இது இரண்டும் சாதாரணமாக நடக்கிறது. வியாபாரி ஊரூராகக் கொண்டு திரியும் கடதாசி முட்டைத் தட்டைக் கூட்டுக்குள் ஏற்றாதீர்கள். கழுவக்கூடிய பிளாஸ்ரிக் தட்டை உங்களுடையதாக வைத்திருங்கள். செயலிழந்த வைரஸால் ஆன தடுப்பூசி உண்டு. முட்டையிடத் தொடங்குமுன், 14 முதல் 16 வாரத்தில் போட வேண்டும். தொடங்கிய பிறகு போட்டுப் பலனில்லை.

நாய்க்கு வரும் முதலாம் வகை அடினோவைரஸ் ஈரலைத் தாக்குவது. ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகள் 40 பாகைக்குமேல் காய்ந்து, வாந்தியெடுத்து, ஓரிரு நாளில் செத்துப்போகலாம். தப்பும் நாய்க்கு ஒன்றிரண்டு வாரத்தில் கண் நீலம் பூக்கும், ஆறு மாதத்துக்குமேல் அதன் சிறுநீரில் வைரஸ் போகும். அரசாங்கம் இலவசமாகப் போடும் விசர்நாய்த் தடுப்பூசி இதைத் தடுக்காது. பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். காய்ச்சல் நாய்க்குப் பனடோல் கொடுக்காதீர்கள், ஈரல் இன்னும் கெடும். மஞ்சள் பாய்ந்த நாயை வெறுங்கையால் தொடவும் வேண்டாம். அது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சல் மனிதருக்குத் தொற்றும்.

அடினோவைரஸ் அப்படிப் பெரும்பாலும் தாவாது. நாயினுடையது நாயோடும் கோழியினுடையது கோழியோடும் நிற்கும். 2009இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நிலையத்தில் 65 ரிற்றிக் குரங்குகளில் 23ஐப் பிடித்து 19ஐக் கொன்ற ஒரு வகை, அவற்றோடு பழகிய ஆய்வாளருக்கும் தொற்றியதற்கான தடயம் கிடைத்தது, அவர் குணமடைந்தார். அப்படியானவை மிக அரிது. நோய்க் கூட்டுக்குள் போய் வந்தவரின் செருப்பில் ஒட்டிய எச்சம் அடுத்த பண்ணைக்குப் போவது அன்றாடம் நடப்பது. இன்னொன்று: 2021இல் இலங்கையில் போடப்பட்ட கோவிஷீல்ட் தடுப்பூசியில் சிம்பன்சி அடினோவைரஸ் இருந்தது என்று கேட்டுப் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். பெருகும் ஆற்றல் நீக்கப்பட்ட வைரஸ் அது. கண்நோயையோ வயிற்றோட்டத்தையோ அது உண்டாக்காது.

கூட்டுறவுக் கடைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிற்றும் தூளை 25 கிலோ மூடையிலிருந்து கடதாசிச் சுருளில் அள்ளிக் கொடுக்காமல், காற்றுப் புகாத 200 கிராம் பொதிகளில், பொதி செய்த திகதியோடும் '10 லீற்றருக்கு 33 கிராம், 10 லீற்றருக்கு 167 கிராம்' என்ற இரண்டு வரிகளோடும் விற்க ஒழுங்கு செய்யுங்கள். பாடசாலைகள் சானிடைசருக்கு ஒதுக்கும் பணத்தில் வகுப்புத் தொகுதிக்கு ஒரு குழாயும் சவர்க்காரமும் வைக்கலாம்.

இப்படிக்கு,
மனித நலத்துறையிலும் கால்நடைத் துறையிலும் பணிபுரியும் சிலர்,
வன்னி.